கொங்கு நாட்டில் இருந்துகொண்டே கொலை வழக்கு நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஆக முடியுமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து, சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். இங்கிலாந்தில் கொலை, வல்லுறவு, கூட்டுக் கொள்ளை போன்ற கொடுங்குற்ற வழக்குகளை மட்டுமே நடத்துகிற மூத்த பாரிஸ்டர்கள் இருப்பதுபோல நம் ஊரிலும் ஒருவர் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா என்பது முதலாவது. அதற்குச் சென்னைக்கோ லண்டனுக்கோ போயே ஆகவேண்டுமா என்பது இரண்டாவது. கொலைக் கேஸ் வக்கீலுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அம்மா சொல்கிறாரே என்பது மூன்றாவது. ஈரோடு, கோவை, திருப்பூர் அமர்வு நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளை மட்டுமே நடத்தி வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் பாரிஸ்டர் என்ற சொல். இங்கிலாந்தில் வழக்கறிஞர் தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கட்சிக்காரரைச் சந்திப்பது, காகிதங்களைத் திரட்டுவது, காவல் நிலையத்தில் உடன் உட்காருவது எல்லாம் சொலிசிட்டர் வேலை. வழக்குக் கட்டு முழுமையடைந்து கைக்கு வந்தபின் மன்றத்தில் எழுந்து பேசுவது பாரிஸ்டர் வேலை. லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, பட்டமும் பயிற்சியும் முடித்து, பிறகு ஓராண்டு ஒரு மூத்தவரிடம் தொழில் பழக வேண்டும். அந்த ஓராண்டில் முதல் ஆறு மாதம் வேடிக்கை பார்ப்பது, அடுத்த ஆறு மாதம் சிறு வழக்குகளில் தானே நிற்பது. அரசுத் தரப்பு வழக்குகளுக்கு அவர்களை 1 முதல் 4 வரை படிநிலையாகத் தரம் பிரித்திருக்கிறார்கள். கொலை வழக்கெல்லாம் 4ஆம் படியில் இருப்பவருக்குத்தான் போகும். அதற்கும் மேலே மன்னரின் வழக்கறிஞர் என்ற பட்டம், பட்டு அங்கி. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்ட உதவிக்கு அரசு தரும் கட்டணம் கட்டுப்படியாகாமல் 2022 செப்டம்பரில் அதே குற்றவியல் பாரிஸ்டர்கள் காலவரையற்ற பணிப் புறக்கணிப்பில் இறங்கி, அக்டோபரில்தான் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற பழைய வேற்றுமைகளையெல்லாம் அழித்து, எல்லோரையும் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டது. அதற்கு முன்பு கொங்கு நாட்டுக்குப் பாரிஸ்டர்கள் அந்நியர்களல்லர். 1882 சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்ட சேலம் விஜயராகவாச்சாரியார் பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானதற்குப் பின்னால் எர்ட்லி நார்ட்டன் என்ற ஆங்கிலேய பாரிஸ்டர் இருந்தார். ஆனால் 1900இல் அதே சேலத்தில் தொழில் தொடங்கிக் குற்றவியல் வழக்குகளில் பெயரும் பணமும் சம்பாதித்த ராஜாஜி பாரிஸ்டர் அல்லர். கடல் தாண்டிப் போகாமல் மாவட்ட நீதிமன்றத்திலேயே வளர்ந்தவர். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பாதி விடை அதில் இருக்கிறது.

ஆங்கில பாரிஸ்டருக்கும் நமக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அங்கியிலோ விக்கிலோ இல்லை. கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் இருக்கிறது. அவருக்குச் சொலிசிட்டர் ஒருவர் இடையில் நிற்கிறார். நமக்கு யாரும் இல்லை. விடியற்காலை முதல் பேருந்தில் அந்தியூரிலிருந்து வந்திறங்கி, தூக்குப் போசியோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "எம்பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க சாமி" என்று அழுகிற தகப்பனாரை நாமேதான் எதிர்கொள்ள வேண்டும். கொல்லப்பட்டவரின் சித்தப்பா நமக்கு ஒருவகையில் பங்காளியாகவும் இருப்பார். இந்தத் தூரமின்மைதான் நம் தொழிலின் கடினம். வாதத்திறமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி வழி. பட்டம் முடித்ததும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், பொதுப்பிரிவினருக்கு ரூ.750க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருப்பதால் அந்தச் செலவு இப்போது பெரிதல்ல. அகில இந்திய பார் தேர்வைத் தாண்ட வேண்டும். அதன்பின் ஒரு சீனியரிடம் சேர வேண்டும். மாவட்டங்களில் சீனியர் என்றால் அலுவலகத்துக்கு உரியவர் என்றுதான் பொருள். உயர் நீதிமன்றம் வழங்கும் மூத்த வழக்கறிஞர் தகுதி வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஜூனியர்களுக்குக் கோவை, சென்னை, மதுரை ஆகிய ஊர்களில் மாதம் ரூ.20,000மும் பிற ஊர்களில் ரூ.15,000மும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தரவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எத்தனை அலுவலகங்களில் அந்தத் தொகை கைக்கு வருகிறது என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் காலத்தில் பேருந்துக் காசும் மதியச் சாப்பாடும் கிடைத்தால் நல்ல சீனியர் என்று பெயர்.

முதல் ஐந்தாண்டு உங்களுக்குக் கொலை வழக்கு கிடைக்காது. அடிதடி, சேவல் கட்டு, மது விற்பனை, விபத்து என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் ஓடுவீர்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ரிமாண்டுக்கு நடுவர் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே போய் நிற்பீர்கள். ஜாமீன் மனு எழுதுவீர்கள். மரணமோ ஆயுளோ பத்தாண்டோ தண்டனை விதிக்கத்தக்க குற்றமானால் 90 நாட்களுக்குள், மற்றவற்றில் 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஜாமீன் உரிமையாகிவிடும் என்பதால், நாட்காட்டியில் நாள் எண்ணுவதுகூட உங்கள் வேலையாக இருக்கும். இது சலிப்பூட்டும் வேலை. ஆனால் போலீஸ் காகிதம் எப்படிப் பிறக்கிறது என்பதை இந்த ஐந்தாண்டில்தான் கற்றுக்கொள்ள முடியும். சென்னையில் நேராக உயர் நீதிமன்ற மேல்முறையீட்டு அலுவலகத்தில் சேர்ந்துவிடுகிறவர்களுக்கு இந்தப் படிப்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை என்பது என் கருத்து.

கொலை வழக்கு காகிதத்தில்தான் நடக்கிறது. இதை எனக்குப் புரியவைத்தது நான் ஜூனியராக இருந்தபோது வந்த ஒரு தடத் தகராறு வழக்கு. பவானிக்கு அப்பால் ஒரு சிற்றூர். தோட்டத்துக்குப் போகிற வண்டித்தடத்தை யார் மறித்தது என்பதில் இரண்டு பங்காளிக் குடும்பங்களுக்குள் பல ஆண்டுப் பகை. ஒருநாள் சாயங்காலம் வெட்டு விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஒருவர் நள்ளிரவில் இறந்துபோனார். ஏழு பேர் மீது வழக்கு. தகப்பன், மூன்று மகன்கள், இரண்டு மருமகன்கள், பண்ணையத்தில் இருந்த ஓர் ஆள். என் சீனியர் கட்டைப் பிரித்ததும் முதல் தகவல் அறிக்கையைத் தொடவே இல்லை. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை உருவி எடுத்து என்னிடம் கொடுத்து, "இதப் படிங்க" என்றார். பணி மருத்துவர் கிறுக்கலாக எழுதிய நான்கே வரிகள். மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குத் தெரிந்த மூன்று பேர் அரிவாளாலும் தடியாலும் தாக்கியதாக, காயம்பட்டவரே சொன்னதாகப் பதிவாகியிருந்தது.

மூன்று பேர். போலீஸார் வருவதற்கு முன்பு, ஊர்ப் பெரியவர்கள் கூடுவதற்கு முன்பு, உயிரோடிருந்தவர் தாமே சொன்ன எண்ணிக்கை. முதல் தகவல் அறிக்கையில் அது ஏழாகிவிட்டது. அறிக்கை இரவு ஒன்பதரைக்குப் பதிவானதாக எழுதியிருந்தது. ஆனால் நடுவர் அதன் ஓரத்தில் சிவப்பு மையில் ஒப்பமிட்டுக் குறித்திருந்த நேரம் மறுநாள் பகல் பதினொன்றரை. காவல் நிலையத்திலிருந்து நடுவர் வீட்டுக்கு மிதிவண்டியில் போனாலும் அரைமணி நேரம்தான். அந்தப் பதினான்கு மணி நேரத்தில் மூன்று ஏழானது என்பதுதான் எங்கள் வழக்கு. எண்பது பக்கக் கட்டில் எங்களுக்கு வேண்டியிருந்தவை ஒரு மருத்துவரின் நான்கு வரிகளும் ஒரு நடுவரின் ஒப்பமும்தான். நால்வர் விடுதலையானார்கள், மூவருக்கு ஆயுள் தண்டனை. தீர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதே கட்டில் தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளுக்கே உரிய இன்னொரு காகிதமும் இருந்தது. குற்றவாளி தலைமறைவாக இருந்து, மூன்றாம் நாள் காலையில் தானாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்று, மனம் திருந்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். அலுவலர் அதை எழுதி வாங்கி, ஆளையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போவார். போலீஸாரிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்பதால் பிறந்த வழக்கம் இது. முன்பின் அறியாத அலுவலரிடம் ஒருவன் எதற்காகப் போய் மனம் திறக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியில் இத்தகைய வாக்குமூலங்கள் பல மன்றங்களில் உதிர்ந்திருக்கின்றன. ஆனால் அதைத் தொடர்ந்து ஆயுதம் கைப்பற்றப்பட்டிருந்தால் அந்தப் பகுதி நிற்கும்; அங்கே கவனமில்லாமல் பேசினால் நாமே வழக்கைக் கெடுத்துக்கொள்வோம்.

குறுக்கு விசாரணையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் தெரிந்துகொள்ள வேண்டியது எங்கே நிறுத்துவது என்பதுதான். அதை நான் தோற்றுத்தான் கற்றேன். இருட்டில் நடந்த கொலை. இறந்தவரின் மனைவி ஒருவர்தான் நேரடிச் சாட்சி. குற்றம்சாட்டப்பட்டவர் அந்த மனைவியின் சொந்த அண்ணன். மின்விளக்கு இல்லை, அமாவாசைக்கு முந்தின இரவு, இருபதடித் தூரம் என்பதையெல்லாம் அவர் வாயாலேயே வரவழைத்துவிட்டேன். உட்கார்ந்திருக்க வேண்டும். வயதுக்கோளாறில் "அப்படியானால் யாரென்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். "கூடப் பொறந்தவனோட இருமல் தெரியாமப் போகுங்களா?" என்றார் அந்த அம்மாள். நீதிபதி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்தப் பேனாச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

என் ஜூனியர் காலத்துக்கும் உங்கள் காலத்துக்கும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: கண்ணால் கண்ட சாட்சியின் இடத்தைக் கேமராவும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியோடு போன கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரி, பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று முடிந்துபோகக்கூடிய வழக்கு. முக்கியச் சாட்சியான தோழி மன்றத்தில் பிறழ் சாட்சியானார். ஆனாலும் கோயில் கேமராப் பதிவும் சூழ்நிலைச் சாட்சியங்களும் நின்றன. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது; மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் கோயிலையும் தண்டவாளத்தையும் நேரில் வந்து பார்த்துவிட்டு, 2023 ஜூனில் குற்றத்தீர்ப்பை உறுதி செய்து, இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தார்கள். அந்த வழக்கில் சிறப்பு அரசு வழக்கறிஞராக வாதாடியவர் பவானியைச் சேர்ந்த ப.பா. மோகன். சென்னைக்குப் போனால்தான் முடியும் என்கிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இதற்கு நேரெதிரான பாடம் உடுமலைப்பேட்டை வழக்கில் இருக்கிறது. 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே, சாதி மறுப்புத் திருமணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கேமரா பதிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் சங்கருடைய மனைவியின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியதைக் கேமரா காட்டும். சதி செய்ததைக் காட்டாது. அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோக்க வேண்டியது அரசுத் தரப்பு. எந்தக் கண்ணி விட்டுப்போயிருக்கிறது என்று தேட வேண்டியது எதிர்த்தரப்பு. தீர்ப்பு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இந்தத் தொழிலுக்கு வருகிறவர் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தண்டனை, நடைமுறை, சாட்சியம் மூன்றுக்கும் புதிய சட்டங்கள். கொலைக்கு 302 என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது இப்போது 103. பழைய சம்பவங்களுக்குப் பழைய எண்ணே என்பதால் இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டையும் தலையில் சுமக்க வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் படம்பிடித்தாக வேண்டும் என்பதும், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்பதும் புதிய ஏற்பாடுகள். மின்னணுப் பதிவுக்குரிய சான்றிதழ் இல்லாமல் அரசுத் தரப்பு தடுமாறுவதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

இனி, வெறுக்கப்படுகிறவரின் வழக்கு. ஆங்கில பாரிஸ்டருக்கு வாடகை வண்டி விதி என்று ஒன்று உண்டு. வரிசையில் நிற்கிற வண்டிக்காரர் ஏறுகிறவரைப் பார்த்து மறுக்க முடியாததுபோல, தகுந்த கட்டணத்தோடு வருகிற வழக்கை மறுக்கக்கூடாது. நம் பார் கவுன்சில் விதிகளும், குற்றவாளியா இல்லையா என்ற சொந்த அபிப்பிராயத்தைப் பாராமல் வாதாட வேண்டும் என்றே சொல்கின்றன. இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு கோவையிலிருந்தே பிறந்தது. வழக்கறிஞர்களுக்கும் போலீஸாருக்கும் நடந்த மோதலில், குற்றம்சாட்டப்பட்ட போலீஸாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று கோவையில் தீர்மானம் போடப்பட்டது. முகமது ரஃபி வழக்கில் 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தீர்மானங்கள் எங்கே போடப்பட்டாலும் செல்லாது என்று அறிவித்தது. சங்கத்தில் எல்லோரும் கைதூக்கும்போது தூக்காமல் இருப்பது எழுதுவதற்கு எளிது. நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் உங்களோடு தேநீருக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். எனக்கு ஒருமுறை ஆறு மாதம் அப்படி நடந்தது.

அரசுத் தரப்பிலும் வாழ்க்கை உண்டு. ஏழாண்டு தொழில் செய்திருந்தால் அமர்வு நீதிமன்ற அரசு வழக்கறிஞராக நியமிக்கப்படலாம். ஆட்சி மாறினால் பெரும்பாலும் ஆளும் மாறுவார். இந்தத் தரப்பை இளைஞர்கள் இளப்பமாக நினைக்கிறார்கள், அது தவறு. பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, நாற்பத்தெட்டுச் சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்பதுதான் தொழிலில் இருப்பவர்களின் கண்ணில் முதலில் பட்டது. நம் பக்கத்தில் சாட்சிகள் எப்படிப் பேசி முடிக்கப்படுகிறார்கள் என்று அறிந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் தெரியும். ஏழைகளுக்காக வாதாட 2022 முதல் சட்டப் பணிகள் ஆணைக்குழு முழுநேர எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களையும் நியமிக்கிறது. தனிவழக்கு எடுக்க முடியாது, ஆனால் சின்ன வயதிலேயே அமர்வு வழக்குகள் கைக்கு வரும். இன்றைக்கு உங்கள் வயதில் இருந்தால் நான் அங்கேதான் விண்ணப்பிப்பேன்.

பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பத்தாண்டு தொழில் செய்தவரை உயர் நீதிமன்றம் மூத்த வழக்கறிஞராக அறிவிக்கலாம். 2017இல் கொண்டுவந்த மதிப்பெண் முறையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே கைவிட்டுவிட்டது. அறிவிக்கப்பட்டவர் வக்காலத்துப் போடக்கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்கக்கூடாது, வேறொரு வழக்கறிஞர் இல்லாமல் ஆஜராகக்கூடாது. அதாவது பாரிஸ்டருக்குரிய அந்தத் தூரத்தை நம் சட்டம் கடைசியில்தான் கொடுக்கிறது. மாவட்டத்தில் நன்றாகத் தொழில் நடக்கிற பலர் இதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. திண்ணைக்கு வருகிற ஆளைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை, வருமானமும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் விடை: லண்டன் வேண்டாம்; சென்னைக்கு மேல்முறையீடு கற்கப் பத்தாண்டு கழித்துப் போகலாம். இப்போது செய்ய வேண்டியது, கல்லூரி விடுமுறையில் ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு கொலை வழக்கின் சாட்சி விசாரணையை முதல் சாட்சி முதல் விசாரணை அதிகாரிவரை விடாமல் உட்கார்ந்து கேட்பது. இடையில் வாய்தா ஆகும், மாதக்கணக்கில் இழுக்கும். அந்த இழுபறியும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

அம்மாவின் கவலை வீண் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும், "கொலகாரனுக்கெல்லாம் ஆஜராவாராமா" என்று பெண்ணின் அப்புச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணம் ஓராண்டு தள்ளிப்போனது. பிறகு அவருடைய தோட்டத்துக் கிணற்றுத் தகராறில் அவர்மீதே ஒரு வழக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் திண்ணையில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தவர் அவர்தான், கையில் தூக்குப் போசியோடு.